நண்பருக்காக நம் பெயரில் கார் லோன்: எங்கள் வீட்டில் நடந்தது

என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கார் இருந்தது. டிஎன் 23 ரிஜிஸ்ட்ரேஷன், ஐந்து வருட லோன். காட்பாடியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் அது ஒரு ராத்திரிகூட நின்றதில்லை. ஷோரூமில் சாவி வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டியது அவருடைய நண்பர். டியூ கட்ட வேண்டியதும் அவர்தான் என்று பேச்சு. பேச்சு என்றால் வெறும் வாய்ப்பேச்சு. இப்போது லோனை முடித்துவிட்டோம், வண்டியும் கைமாறிவிட்டது. இதே மாதிரி யாராவது உங்கள் வீட்டில் வந்து கேட்டிருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்த நண்பர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் ஓடியவர். ரத்தம் வேண்டும் என்றதும் ஆள் திரட்டிக்கொண்டு வந்தவர். என்னை அண்ணி என்றும் என் பெண்ணைப் பாப்பா என்றும் கூப்பிட்டு, எங்கள் வீட்டில் உரிமையோடு சாப்பிட்டுப் போகிறவர். அவர் கேட்கும்போது எப்படி மறுப்பது என்ற தயக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வேலூரில் டிராவல்ஸ் தொழிலுக்கு ஆளே தேட வேண்டாம். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்களை லாட்ஜுக்குக் கொண்டுபோய் விடுவது, கொஞ்சம் தேறியதும் ஸ்ரீபுரம், திருப்பதி காட்டிவிட்டு வருவது, ஊர் திரும்பும்போது சென்னை ஏர்போர்ட்டில் விடுவது என்று வருஷம் முழுக்க ஓட்டம் உண்டு. அவருக்கு இந்தியும் ஓரளவு பெங்காலியும் வரும். இன்னொருவர் வண்டியைப் பேட்டாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்த வண்டி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கொரோனா சமயத்தில் அவருடைய பைக் லோனும் குழுக் கடனும் நின்றுபோனதால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் விழுந்திருந்தது. பேங்க், பைனான்ஸ் எதிலும் கிடைக்கவில்லை.

"பேப்பர்ல மட்டும்தான் மச்சி உன் பேரு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரரிடம். என் பக்கம் திரும்பி, "இன்னா அண்ணி, நான் இன்னா ஓடியா பூடுவேன்?" என்றார். அவர் ஓடிப்போகவில்லை. கடைசிவரை ஊரிலேயேதான் இருந்தார். ஆள் எங்கேயும் போகாமல் இருந்தும் இத்தனையும் நடந்தது என்பதால்தான் நான் இதை எழுதுகிறேன்.

'பேப்பர்' என்று அவர் சொன்னதில் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்று பாருங்கள். கடன் ஒப்பந்தத்தில் கடனாளி என் வீட்டுக்காரர். வண்டிப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஓனர் இவர். இன்ஷூரன்ஸ் பாலிசி இவர் பெயரில். ஃபாஸ்டேக் இவர் செல் நம்பரில். மாதா மாதம் 5-ஆம் தேதி டியூ எடுக்கும் ஆணை இவருடைய சம்பளக் கணக்கில். கடன் 7 லட்சம், வட்டி ஒன்பதரை சதவீதம், 60 மாதம், டியூ 14,700 ரூபாய்க்குப் பக்கம். முன்பணம் நண்பர் கொடுத்தார், மனைவியின் செயினை விற்று. அவர் 3-ஆம் தேதிக்குள் ஜிபே செய்துவிட வேண்டும், 5-ஆம் தேதி பேங்க் எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சுமார் ஒரு வருஷம் ஒரு நாள் பிசகாமல் அனுப்பினார்.

அப்படி ஒழுங்காக அவர் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே முதல் இடி எங்களுக்கு விழுந்தது. இதை யாரும் யோசிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாகாயம் பக்கம் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. வீடு கட்ட லோன் கேட்டுப் போனோம். சம்பளத்தில் இவ்வளவு பங்குக்கு மேல் டியூ போகக்கூடாது என்று பேங்கில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடுகிற டியூவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கடன் தருவார்கள். "இந்த கார் டியூ ஓடுதே சார்" என்றார் மேனேஜர். அதைக் கட்டுவது வேறு ஒருவர் என்று அங்கே சொல்ல முடியாது. சொன்னால், கார் லோன் வாங்கும்போது பொய் சொன்னதாக ஆகும். 14,700 ரூபாய் டியூ என்பது எட்டரை சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடனாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 17 லட்சம். அவ்வளவு கடன் தகுதி எங்களுக்குக் குறைந்துபோனது. நண்பர் ஒரு டியூகூடத் தவறாதபோதே இப்படி. கல்யாணம், படிப்பு, வீடு என்று எதற்காவது அடுத்த ஐந்து வருஷத்தில் கடன் கேட்க வேண்டியிருக்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்டு விஷயம். எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் எண்ணம். மாதச் சம்பளக்காரரின் சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கிய லோன் என்பதால் வண்டி ஓன் போர்டு, அதாவது வெள்ளை நம்பர் பிளேட். வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் டி போர்டு, அதாவது மஞ்சள் நம்பர் பிளேட் வேண்டும், பெர்மிட் வேண்டும், வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. காட்ட வேண்டும், இன்ஷூரன்ஸும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். "போகப் போக மாத்திக்கலாம்" என்று நண்பர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் விடியற்காலை ஏர்போர்ட் சவாரி முடித்துத் திரும்பும் வழியில், தூக்கக் கலக்கத்தில் சென்டர் மீடியனில் இடித்துவிட்டார். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. முன்பக்கம் முழுதும் போய்விட்டது. க்ளெய்ம் போட்டோம். விசாரித்த இன்ஷூரன்ஸ் சர்வேயர், வண்டி வாடகைக்கு ஓடியதைக் கண்டுபிடித்து எழுதினார். க்ளெய்ம் தள்ளுபடி. சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு ஓட்டினால் அது நிபந்தனை மீறல். அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

ரிப்பேர் செலவு நண்பர் தலையில். வண்டி ஷெட்டில் கிடந்த வாரங்களில் வருமானமும் இல்லை. கைமாற்று வாங்கினார், வட்டிக்கு வாங்கினார். அங்கிருந்து அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் சத்துவாச்சாரி கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிற, எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "ஆளு மேல ஏத்தியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" மோட்டார் வாகனச் சட்டப்படி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் ஓனர். வண்டியை விற்றுவிட்டேன், ஓட்டியது வேறு ஆள் என்பதெல்லாம் விபத்து நஷ்டஈட்டு வழக்கில் எடுபடாது. 2018-ல் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே வண்டி பல கை மாறியிருந்தது. ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. பதிவில் இருந்தவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு. வண்டி ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை ஓனரிடம் வசூலிக்க உத்தரவு வாங்க முடியும். இன்ஷூரன்ஸே காலாவதியாகியிருந்தால் முழுத் தொகையும் ஓனர் தலையில்தான். அதைக் கேட்டுவிட்டு வந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை. கடனாவது இவ்வளவு என்று ஒரு அளவு இருக்கிறது. விபத்துக்கு அந்த அளவு கிடையாது.

பிறகு டியூ தவற ஆரம்பித்தது. முதலில் நாள் தள்ளியது, அடுத்து பாதிப் பணம் வந்தது, அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. கணக்கில் பணம் இல்லாமல் டியூ திரும்பினால் சம்பள பேங்க் ஒரு சார்ஜ் பிடிக்கிறது, பைனான்ஸ் தரப்பில் ஒரு சார்ஜ், தாமதத்துக்குத் தனி. செக் திரும்பினால் 138-ஆவது பிரிவில் வழக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஆட்டோ டெபிட் திரும்பினாலும் அதே மாதிரி வழக்குப் போட 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்றில் 25-ஆவது பிரிவு இருக்கிறது. அதையும் வக்கீல்தான் சொன்னார். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். 30 நாள், 60 நாள் தாமதமும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். அந்தக் கறை நண்பருடைய ரிப்போர்ட்டில் ஒரு புள்ளிகூட விழாது. முழுக்க இவருடையதில் விழுந்தது.

வசூல் ஆட்கள் ராணிப்பேட்டையில் இவர் வேலை பார்க்கும் இடத்துக்கே போய்விட்டார்கள். கேட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபது வருஷம் தலை நிமிர்ந்து வேலை பார்த்த மனுஷர், அன்றைக்கு வீட்டுக்கு வந்து பேசவே இல்லை. இந்த இடத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்கு மேலும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்டில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. நாங்கள் தேதி, நேரம், வந்த போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி அந்த நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு மெயில் அனுப்பினோம். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் செலவில்லாமல் புகார் தரலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டோம். கேட்டுக்கு வருவது நின்றது. கடன் அப்படியேதான் இருந்தது. தொல்லை வேறு, கடன் வேறு என்று பிரித்துப் பார்க்க அப்போதுதான் எங்களுக்குத் தெளிவு வந்தது.

வண்டி எங்கே என்று கேட்டால் "சவாரியில இருக்குது" என்பதே பதிலாக இருந்தது. உண்மையைச் சொன்னது ஃபாஸ்டேக். பள்ளிகொண்டா டோலில் பணம் பிடித்ததாக இவர் செல்லுக்கு மெசேஜ் வந்தது. அடுத்து வாணியம்பாடி, அடுத்து கிருஷ்ணகிரி. திரும்பி வந்ததற்கு மெசேஜே இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி. அப்புறம் கர்நாடகாவிலிருந்து வேகமாக ஓட்டியதற்கு ஒரு இ-செலான், இவர் பெயரில். நண்பரை நேரில் உட்காரவைத்துக் கேட்டபோது அழுதுவிட்டார். ஒன்றரை லட்சத்துக்கு வண்டியை அடகு வைத்திருக்கிறார். அடகு பிடித்தவர் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாத ஒருவர், எங்கள் ஊர்க் கண்ணுக்கே எட்டாத ரோட்டில், என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் வண்டியை ஓட்டுகிறார். லைசென்ஸ் இருக்கிறதா, என்ன ஏற்றிக்கொண்டு போகிறார், ஒன்றும் தெரியாது.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். முதலில் இது சிவில் மேட்டர் என்றார்கள். எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்த பிறகு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. இந்த ரசீதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். வண்டி இந்தத் தேதி முதல் என் கையில் இல்லை, நான் புகார் கொடுத்திருக்கிறேன் என்பதற்கு அது ஒன்றுதான் எழுத்துச் சான்று. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைத் தூக்கி வந்துவிடலாம் என்று சொந்தத்தில் சிலர் துடித்தார்கள். வக்கீல் கூடாது என்று அடித்துச் சொன்னார். அடிதடி என்று நம் மேலேயே கேஸ் திரும்பும். கடைசியில் நண்பரின் அண்ணன், சி.எஸ்.ஆர். நகலைப் பார்த்த பிறகு, ஒன்றரை லட்சத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு வந்து விட்டார். அந்தப் பெரிய மனுஷருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வண்டி வந்தவுடன் விற்றுவிட முடிவு செய்தோம். அப்போது கடன் பாக்கி ஐந்தரை லட்சத்துக்கு மேல், சார்ஜுகள் தனி. இடிபட்ட வண்டி என்பதால் விலை அதற்குக் கீழேதான் போனது. பைனான்ஸ்காரர்களே சீஸ் செய்து ஏலம் விடட்டும் என்று விடவும் யோசித்தோம். ஏலத்தில் குறைவாகப் போனால் மீதியைக் கடனாளியிடம்தான் கேட்பார்கள் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை விட்டோம். விழுந்த துண்டை என் சீட்டுப் பணத்தில் சரிக்கட்டினோம். பெண்ணின் கல்லூரிக்கு என்று கட்டிவந்த சீட்டு.

விற்கும்போது செய்ய வேண்டியவற்றில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். கடனை முடித்ததற்கான கடிதம், தடையில்லாச் சான்றான என்.ஓ.சி., பைனான்ஸ் கையெழுத்திட்ட ஃபாரம் 35 மூன்றும் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவான ஹெச்.பி.யை முதலில் கேன்சல் செய்ய வேண்டும். ஃபாரம் 29, 30 கொடுத்து வாங்குகிறவர் பெயருக்கு ஆர்.சி. மாறியதைப் பரிவாஹன் என்ற அரசு இணையதளத்தில் நம் கண்ணால் பார்க்க வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்தால், மேலே சொன்ன விபத்துப் பொறுப்பு பழையபடி நம் கழுத்தில்தான். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள். நிலுவையில் இருந்த செலான்களை நாங்களே கட்டித் தீர்த்தோம்.

நண்பர் இறந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. லோனோடு சேர்த்துப் போட்ட ஆயுள் காப்பீடு என் வீட்டுக்காரர் உயிருக்கு. நண்பருக்கு ஏதாவது ஆனால் அதில் ஒரு பைசா வராது. எழுத்தில் எதுவுமே இல்லாத நிலையில், கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் போய் டியூ கேட்க எங்களால் முடியுமா? முடியாது. நல்லவர் என்ற நம்பிக்கைக்கும் இந்த ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை. நல்லவருக்கும் நோய் வரும், தொழில் படுக்கும், விபத்து நடக்கும். அப்போது சாவி அவரிடமும் பொறுப்பு நம்மிடமும் இருக்கும்.

உதவத்தான் வேண்டும் என்றால் அவர் பெயரிலேயே கடன் கிடைக்க உதவுங்கள். பழைய கடனை முடித்து, ரிப்போர்ட்டைச் சரிசெய்து, சில மாதம் பொறுத்தால் ஸ்கோர் ஏறும். கிரெடிட் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அதை எடுத்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள். வாடகை வண்டிக்கு, சிறுதொழில் செய்கிறவர்களுக்கான முத்ரா கடன் கேட்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களை விசாரிக்கலாம், தாட்கோ (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு), டாம்கோ (சிறுபான்மையினருக்கு) மாதிரி அரசு நிறுவனங்களில் தகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம். புதுசுக்குப் பதில் பழைய டி போர்டு வண்டியாக, சின்னக் கடனில் எடுக்கச் சொல்லலாம். முன்பணத்துக்கு ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ, திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையைக் கையில் கொடுத்துவிடலாம். ஜாமீன் கையெழுத்து இதற்கு மாற்று என்று நினைக்காதீர்கள். கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவே என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பயந்து உட்கார வேண்டாம். இரண்டாவது சாவியை உங்களிடம் வாங்கி வையுங்கள். இன்ஷூரன்ஸை நீங்களே புதுப்பியுங்கள், பணம் அவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாடகைக்கு ஓடுகிறதென்றால் உடனே நிறுத்துங்கள், அல்லது முறைப்படி டி போர்டாக மாற்றுங்கள். ஃபாஸ்டேக் மெசேஜ் வரும் நம்பரை மாற்றாதீர்கள். யார் வண்டி ஓட்டுகிறார், யார் டியூ தருகிறார் என்று முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் பைனான்ஸையோ விபத்து வழக்கையோ தடுக்காது. நண்பரிடமிருந்து பணத்தைக் கேட்டு வாங்க மட்டும் உதவும். டியூவை எப்போதும் ஜிபே அல்லது பேங்க் மூலமாகவே வாங்குங்கள், ரொக்கமாக வேண்டாம். இரண்டாவது டியூ தவறும்போதே வண்டியை வாங்கி நிறுத்திவிடுங்கள். நாள் தள்ளத் தள்ள பாக்கி கூடும், வண்டி விலை இறங்கும்.

நண்பர் இப்போது மறுபடியும் வேறொருவர் வண்டியை ஓட்டுகிறார். எங்களுக்கு வர வேண்டிய தொகைக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாதம் மூவாயிரம், முடியாத மாதம் ஆயிரம் என்று கொண்டுவந்து தருகிறார். ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்பக்கத்தில் தொகையும் தேதியும் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் இப்படிக் கையெழுத்தோடு வரவு வைத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகக் கணக்காகும். முதல் தடவை அப்படிக் கையெழுத்துக் கேட்க என் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நண்பர் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்தார்.